திமிங்கிலத்தின் பாட்டும் தமிழில் விஞ்ஞான எழுத்தும்

விஞ்ஞானச் செய்திகள் தமிழில் வருவதில்லை என்று இன்று எவரும் குறை கூற முடியாது. 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஈர்ப்பலைகள் முதன்முதலாகக் கருவியிற் பதிந்தன. 2019இல் ஒரு கருந்துளையின் நிழல் படமாக வெளிவந்தது. பரம்பரை அலகுகளைக் குறித்த இடத்தில் வெட்டி மாற்றும் முறைக்கு 2020இலும், புரதங்களின் வடிவத்தைக் கணினி கொண்டு முன்னறிந்து கூறியமைக்கு 2024இலும் நோபல் பரிசுகள் கிடைத்தன. இவை யாவும் நமது ஏடுகளில் இடம்பெற்றவையே. செய்திக்குப் பஞ்சமில்லை. ஆனால் அச்செய்தியின் வழியாக விஞ்ஞானம் நம்மிடம் வந்து சேர்கின்றதா என்று கேட்டால், துணிந்து ஆம் என்று விடை கூற நம்மால் இயலவில்லை.

‘விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்’ என்ற ஒரு வாக்கியத்தைச் சற்று உற்று நோக்குவோம். எந்த விஞ்ஞானிகள்? எவ்வாறு கண்டனர்? எவருடைய பணத்தில், எவருடைய கருவியால், எவருக்காகக் கண்டனர்? கண்டதில் அவர்களுக்கே எவ்வளவு உறுதி உண்டு? இவற்றுள் ஒன்றுக்கும் அவ்வாக்கியத்தில் இடமில்லை. கோயில் வாசலிற் கேட்கும் அருள்வாக்கைப் போல அது வானிலிருந்து இறங்குகின்றது. கேட்பவன் செய்யக்கூடியது இரண்டே: வாயைப் பிளந்து வியக்கலாம், அல்லது, ‘இதையெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்’ என்று பெருமூச்சு விடலாம். வியப்பு, பழம்பெருமை என்னும் இவ்விரு நோய்களுமே நமது விஞ்ஞான எழுத்தைப் பீடித்துள்ளன. ஒன்று மற்றொன்றுக்கு மருந்தாகாது.

விமர்சனம் என்றால் கதையும் கவிதையும் நாடகமுமே அதன் எல்லை என்றொரு பழக்கம் நம்மிடையே படிந்துள்ளது. விஞ்ஞானத்தைச் சொல்லும் உரைநடையும் உரைநடையே. ஒரு சமுதாயம் உலகை எவ்வாறு அறிய முயல்கின்றது என்பதை அது கதையைக் காட்டிலும் நேராகக் காட்டும். தமிழைப் பயின்று தமிழையே கற்பிக்கும் நாம் விஞ்ஞானிகளுடைய துறையிற் புகுந்து தீர்ப்புக் கூற முற்படவில்லை. அவர்களுடைய முடிவுகள் நமது மொழிக்கு வந்து சேரும்போது என்னவாகின்றன என்று கேட்கும் உரிமை மட்டும் நமக்குண்டு. அக்கேள்விக்கு எடுத்துக்காட்டாக, நமது திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலேயே தொடங்கிய ஒரு கண்டுபிடிப்பை இங்கு நோக்குவோம்.

*

கோணேசர் மலையில் நின்று கிழக்கே பார்ப்பவர் காண்பது ஒரே மட்டமான நீர்ப்பரப்பு. அதன் அடியிலோ, மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழ்கடலை நோக்கி ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்கிச் செல்கின்றது. கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றதுமே கடல் மிக ஆழமாகிவிடுவது இதனாலேயே. உலகின் மிகப் பெரிய உயிரினமாகிய நீலத் திமிங்கிலம் கரையில் நிற்போரின் கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு வருவதும் இவ்விடத்தில் வியப்பன்று.

1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவித்தது. அதனையடுத்து, 1982 முதல் 1984 வரை ‘டியூலிப்’ என்னும் சிறு பாய்க்கப்பலில் உலக வனசீவராசிகள் நிதியத்தின் ஆதரவுடன் ஓர் ஆராய்ச்சிக் குழு இக்கடலிற் சுற்றியது. ஹால் வைற்ஹெட் அதனை வழிநடத்தினார். அவர்கள் முதன்மையாகத் தேடி வந்தது பல்லுடைய வேறு வகைத் திமிங்கிலத்தையே. ஆனால் திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்களையும் அவர்கள் கண்டனர். அவற்றின் விலாப்புறப் புள்ளிகளைப் படம் பிடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளங் கண்டனர். 1984இல் நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி, அவை எழுப்பிய ஒலியையும் பதிவு செய்தனர். இப்பணியில் முன்னின்ற அபிகேல் அலிங்கும் அவருடைய தோழர்களும் இக்கடலின் நீலத் திமிங்கிலங்களைப் பற்றி 1991இல் ஓர் அறிக்கையும் வெளியிட்டனர்.

அவ்வொலியை ஆராய்ச்சியாளர் ‘பாட்டு’ என்றே குறிக்கின்றனர். அலங்காரத்துக்காக வழங்கப்படும் சொல்லன்று அது. குறித்த ஒழுங்கிலமைந்த ஒலிப்பகுதிகள் திரும்பத் திரும்ப அதே வரிசையில் வருமாயின் அதற்குப் பாட்டென்று பெயர். திருகோணமலைக் கடலிற் பதிவான பாட்டு மூன்று பகுதிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதி செக்கனுக்கு ஏறத்தாழ 100 அதிர்வுகளையுடைய நீண்ட ஒற்றைச் சுரம். உலகின் வெவ்வேறு கடல்களில் வாழும் நீலத் திமிங்கிலக் கூட்டங்கள் வெவ்வேறு பாட்டுகளைப் பாடுகின்றன என்பதும், ஒரு கூட்டத்தின் பாட்டு பல்லாண்டுகள் சென்றும் தன் அமைப்பை இழப்பதில்லை என்பதும் பின்னர் தெளிவாயின. திருகோணமலையிற் கேட்ட பாட்டு இன்று ஆராய்ச்சி ஏடுகளில் ‘இலங்கைப் பாட்டு’ என்றே வழங்குகின்றது. இவ்வாறு ஒரு பெயர் உலகத்தில் உலவுவதை நமது மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

கதை இத்துடன் முடியவில்லை. ஓமான் கரைக்கு அப்பால் அதுவரை எவரும் அறியாத ஒரு பாட்டுப் பதிவாயிற்று; 2020இல் அதன் விபரம் வெளியாயிற்று. 2021இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமானுவேல் லெரோய், திரேசி ரோஜர்ஸ் முதலியோர் மற்றொரு முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ இருபது ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, ‘சாகோஸ் பாட்டு’ என்று அவர்கள் பெயரிட்ட ஓர் ஒலி, வடக்கே இலங்கைக் கரை வரையும் கிழக்கே மேற்கு அவுஸ்திரேலியக் கரை வரையும் கேட்கின்றதென்றும், இதுவரை அறியப்படாத ஒரு நீலத் திமிங்கிலக் குடித்தொகையின் குரலாக அது இருக்கக்கூடுமென்றும் கூறினர்.

‘இருக்கக்கூடும்’ என்ற சொல்லை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவர்கள் புதிய திமிங்கிலம் எதனையும் கண்ணாற் கண்டாரல்லர். கேட்டதிலிருந்து ஊகித்தனர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு பாட்டு என்பது பல இடங்களில் மெய்யாகியிருப்பதால், புதிய பாட்டுக்குப் புதிய கூட்டம் இருக்குமென்பது நியாயமான ஊகம். அவ்வூகத்தை உறுதிசெய்ய அவ்விலங்குகளின் தோற் துணுக்குகளும் பரம்பரைச் சோதனைகளும் வேண்டும்.

இத்தகைய முடிவொன்று தமிழுக்கு வரும்போது முதலிற் பலியாவது இந்த ‘இருக்கக்கூடும்’ என்பதே. ‘இருக்கக்கூடும்’ என்பது ‘உள்ளது’ ஆகிறது. அடுத்துக் ‘குடித்தொகை’ என்பது ‘இனம்’ ஆகிறது. நமது பாடநூல்களில் இனம் என்பதற்கும் குடித்தொகை என்பதற்கும் வெவ்வேறு பொருள் உண்டு. ஓரிடத்தில் கூடி வாழ்ந்து தம்முள் இனம்பெருக்கும் கூட்டம் குடித்தொகை. அத்தகைய பல குடித்தொகைகளை அடக்கியது இனம். ‘புதிய திமிங்கில இனம் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பிடுபவர் ஒரு சொல்லில் மட்டும் பிழைபடவில்லை. வகுப்பிற் கற்ற பாடத்தையே மாணவன் நம்பாதபடி செய்கின்றார்.

மற்றொரு செய்தியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. உலகின் பல கடல்களிலும் நீலத் திமிங்கிலப் பாட்டின் மீடிறன் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைந்து வருகின்றதென 2009இல் மக்டொனால்ட் முதலிய ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். சுரம் இறங்கிக்கொண்டே போகின்றது. ஏன்? வேட்டை நின்று எண்ணிக்கை கூடியதால் உரக்கப் பாடவேண்டிய தேவை குறைந்தது என்பார் ஒரு சாரார். கப்பல்களின் இரைச்சலைக் காரணம் காட்டுவார் வேறொரு சாரார். முடிந்த முடிபு இன்னும் பிறக்கவில்லை. இவ்வாறு முடிவு பிறவாத இடமே வகுப்பறைக்கு மிகவும் பயன்படும் இடம். விடை தெரிந்த வினாவைக் கொடுத்தால் மாணவன் மனனஞ் செய்வான். விடை தெரியாத வினாவைக் கொடுத்தாற் சிந்திப்பான். நமது விஞ்ஞான எழுத்தோ ஐயத்தைக் களைந்தெறிந்துவிட்டு முடிவை மட்டும் பரிமாறுகின்றது. நெல்லை எறிந்துவிட்டு உமியைப் புடைத்தெடுப்பது போன்றது இது.

*

எவ்வாறு கேட்டனர் என்ற கேள்வி, எவருடைய காதால் கேட்டனர் என்ற கேள்விக்கு நம்மை இட்டுச் செல்கின்றது.

ஒலி நீரிற் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்திற் செல்லும். காற்றிற் செல்வதைப் போல் நான்கு மடங்குக்கு மேல். கடலில் கீழே இறங்க இறங்க நீர் குளிர்ந்து ஒலியின் வேகம் குறைகின்றது. மேலும் இறங்கினால் அமுக்கம் மிகுந்து வேகம் மீண்டும் கூடுகின்றது. இடையில், நமது வெப்பக் கடல்களில் ஏறத்தாழ 1,000 மீற்றர் ஆழத்தில், வேகம் மிகக் குறைந்த ஒரு படை உண்டு. ஒலி எப்போதும் வேகங் குறைந்த படையை நோக்கி வளையும் இயல்புடையது. ஆதலால் அப்படையிற் புகுந்த ஒலி மேலும் கீழும் தப்பிச் செல்லாது, வாய்க்காலில் ஓடும் நீரைப் போல ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் செல்கின்றது. இவ்வுண்மையை 1944இல் அமெரிக்காவில் மோரிஸ் யூயிங்கும், 1946இல் சோவியத் நாட்டில் லியோனிட் பிரெகோவ்ஸ்கிக்கும் தனித்தனியே கண்டனர். இரு நாடுகளின் கடற்படைகளும் நீர்மூழ்கிகளை ஒற்றுக்கேட்க இதனைப் பயன்படுத்தின.

1996இல் அணுகுண்டுச் சோதனைகளை முற்றாகத் தடைசெய்யும் ஒப்பந்தம் கைச்சாத்துக்கு வைக்கப்பட்டது. தேவையான நாடுகள் சில உறுதிப்படுத்தாமையால் அது நடைமுறைக்கு வராமலே நிற்கின்றது. ஆயினும் எவரேனும் கடலடியிற் குண்டு வெடித்தால் கேட்பதற்கென்று உலகக் கடல்களில் ஒலிவாங்கிகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இந்து சமுத்திரத்தின் நடுவிலுள்ள டீகோ கார்சியாத் தீவையொட்டி இருக்கின்றது. சாகோஸ் பாட்டைக் கேட்டது அந்தக் காதே. குண்டுக்காக விரித்த வலையிற் பாட்டு விழுந்தது.

செய்தி எழுதுவோர் இவ்விடத்தில் வியந்து நின்றுவிடுவர். நாமோ இன்னும் ஓரடி செல்லவேண்டும். டீகோ கார்சியாவும் அதனைச் சூழ்ந்த சாகோஸ் தீவுகளும் மனிதர் இல்லாத தீவுகளாக இருந்தவையல்ல. அங்கு தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோட்டங்களில் உழைத்த மக்களை 1968க்கும் 1973க்கும் இடையில் பிரித்தானிய அரசு அகற்றி, அமெரிக்க இராணுவத் தளத்துக்கு இடங்கொடுத்தது. அவர்கள் மொரிசியசிலும் சீசெல்சிலும் கரையிறக்கப்பட்டனர். அத்தீவின் பெயரை இன்று ஒரு திமிங்கிலத்தின் பாட்டு தாங்கி நிற்கின்றது. பாட்டைக் கேட்ட விஞ்ஞானிகள் மேல் இதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் சாகோஸ் என்ற சொல்லைத் தமிழில் எழுதுபவர், அச்சொல்லின் பின்னால் நிற்கும் மக்களை ஒரு வாக்கியத்திலாவது சொல்லாது விடுவாராயின், அவர் பாதி உண்மையையே எழுதியவராவார்.

அக்காது கேட்ட வேறொன்றும் உண்டு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்த ஒலியையும் டீகோ கார்சியாவின் ஒலிவாங்கிகள் பதிவு செய்தன. ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர் தூரம். செக்கனுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் வேகம். அரை மணித்தியாலத்தில் அவ்வொலி அங்கு போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை நமது பத்தாம் வகுப்பு மாணவனும் கணக்கிட்டுக் கூறுவான். நமது கீழ்க்கரையைக் கடல் வந்து அடிக்க மேலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேற் சென்றது. இந்நாட்டில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் அன்று இழந்தவர்களை எண்ணாத குடும்பங்கள் குறைவு.

நியாயந் தவறாது கூறுவோமாயின், அவ்வொலிப் பதிவு ஒன்றைக் கொண்டே எழப்போகும் அலையின் உயரத்தைக் கணித்திருக்க இயலாது. பின்னாளில் அப்பதிவை ஆராய்ந்தே, பிளவு ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் நீளம் ஓடியதை விஞ்ஞானிகள் பின்தொடர்ந்து காட்டினர். ஆனால் நிலம் அதிர்ந்ததை உலகின் பல நிலையங்கள் சில நிமிடங்களுள் அறிந்திருந்தன என்பதும் மெய். பசிபிக் சமுத்திரக் கரைகளுக்கு எச்சரிக்கை அமைப்பு இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு இல்லை. அணுகுண்டைக் கேட்பதற்கென்று அமைந்த பதிவுகளைச் சுனாமி எச்சரிக்கை நிலையங்களுக்கு வழங்கும் ஏற்பாடும் அதன் பின்னரே பிறந்தது. கேட்கும் கருவி இருந்தது. கேட்டதைக் கரையில் நிற்பவனுக்கு, அவன் மொழியில், அவன் ஓடுவதற்கு நேரம் இருக்கும்போதே சொல்லும் வழி இருக்கவில்லை. விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டு செல்லல் என்பதை நாம் பொழுதுபோக்காகக் கருத மறுப்பது இதனாலேயே.

அறிவுக்குப் பணங் கொடுப்பவர் ஒரு நோக்கத்துக்காகவே கொடுப்பர். அறிவு அந்நோக்கத்துள் அடங்கி நிற்பதில்லை. இதற்கும் நமது ஊரே சான்று. 1850களில் இந்நாட்டிற் பிறந்த மருத்துவரும் இயற்கையாராய்ச்சியாளருமான கேலாட் என்பவரை, அரசாங்கம் முத்துச் சிப்பிகளை ஆராயுமாறு அமர்த்தியது. முத்துக் குளிப்பு அரசுக்கு வருவாய். அவர் திருகோணமலையில் இருந்து அவற்றை ஆராய்ந்தார். தம்பலகாமத்து வாவிச் சிப்பியைப் பற்றி 1857இல் அறிக்கை எழுதினார். ஆனால் அதே கரையில், ஒரு சதமும் பெறாத, ஓடில்லாத கடல் நத்தைகளையும் பார்த்துப் பார்த்து விபரித்து வைத்தார். வருவாய்க்குரிய முத்துக் குளிப்பு மறைந்துவிட்டது. அந்த நத்தைகளின் விபரங்களை உயிரியலாளர் இன்றும் புரட்டுகின்றனர்.

*

ஏகாதிபத்தியத்தைக் குறை கூறுவது நமது பக்கங்களில் எளிது. ஆகவே அதே நேர்மையுடன் மற்றொன்றையும் கூறுவது கடன்.

நீலத் திமிங்கிலங்களை முதலில் அழித்தது இலாப வேட்டை. நோர்வேயினதும் பிரித்தானியாவினதும் கம்பனிகள் தென்கடலில் அவற்றைக் கொன்று, சவர்க்காரத்துக்கும் மாஜரினுக்கும் எண்ணெய் எடுத்தன. 1930-31 என்ற ஒரே பருவத்திற் கொல்லப்பட்ட நீலத் திமிங்கிலங்கள் 29,000க்கும் அதிகம். ஆனால் நமது கடலை எடுத்துக்கொண்டால், 1963க்கும் 1966க்கும் இடையில் இந்து சமுத்திரத்தின் வடபகுதியில் 1,200க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றவை சோவியத் வேட்டைக் கப்பல்கள். சர்வதேச ஆணைக்குழுவுக்கு அவை அறிவிக்கப்படவில்லை. பொய்க் கணக்கே அனுப்பப்பட்டது. உலகெங்கும் அவ்வாறு மறைக்கப்பட்ட திமிங்கிலங்களின் தொகை ஏறத்தாழ 1,80,000. இலாபம் தேடாத பொருளாதாரத்திலும், திட்ட இலக்கை எட்டினால் வெகுமதி என்ற விதி அதே வேலையைச் செய்தது.

இதனை வெளிப்படுத்தியவர் எவர்? பகைவர் அல்லர். அக்கப்பல்களிற் பணிபுரிந்த உயிரியலாளர் சிலர் மெய்க்கணக்கை இரகசியமாகப் பேணி வைத்திருந்தனர். 1993இல் ருஷ்ய விஞ்ஞானி அலெக்சி யாப்லகோவ் உண்மையை உலகறியச் சொன்னார். கப்பலிற் சென்றவருள் ஒருவரான யூரி மிகலெவ் வடஇந்து சமுத்திரத்தில் நடந்ததை எழுத்தில் வைத்தார். ஓர் இலட்சியத்தில் பற்றுடையவன் அதன் பெயரால் நடந்த பொய்யை மறைப்பானாயின், அவன் இலட்சியத்தையும் விஞ்ஞானத்தையும் ஒருங்கே காட்டிக் கொடுக்கின்றான். கணக்கைத் திருத்தாமல் வைத்திருந்த அந்த உயிரியலாளரே நாம் பின்பற்றத்தக்கவர்.

*

இனிப் பழம்பெருமை என்னும் இரண்டாவது நோய்க்கு வருவோம்.

‘திமிங்கிலம்’ என்ற சொல்லே அதற்கு நல்ல பாடம். திமி என்னும் பெருமீனையும் விழுங்குவது திமிங்கிலம் என்பது அவ்வடசொல்லின் பொருள். சொல் அழகியது, செய்தி பிழை. நீலத் திமிங்கிலத்துக்குப் பல்லில்லை; பெருமீனை அது விழுங்குவதில்லை. நம் கடலில் அது உண்பது யாது என்பதை 2018இல் ஆஷா டி வோஸ் என்னும் இலங்கை விஞ்ஞானியும் அவருடைய சக ஆராய்ச்சியாளரும் வெளியிட்டனர். திமிங்கிலத்தின் கழிவை எடுத்து, அதிலிருந்த டீ.என்.ஏ.யைச் சோதித்து, அதன் முதன்மை உணவு மிகச் சிறிய ஒருவகை இறால் என்று காட்டினர். நமது மீனவர் கூனி என்று வலையில் அள்ளுவதும், நமது அடுக்களைகளிற் காய்ந்த கூனிச் சம்பலாவதும் அக்குடும்பத்து இறாலே. உலகின் மிகப் பெரிய விலங்கு, ஏழை வீட்டுச் சம்பலின் உறவை உண்டு வாழ்கின்றது! விழுங்கும் பூதத்தைக் காட்டிலும் இவ்வுண்மை எவ்வளவு சுவையுடையது!

பெருந்திமிங்கிலங்கள் குளிர்கடலில் உண்டு, வெப்பக்கடலில் ஈனும் என்பது பாடநூல் விதி. ஆஷா டி வோஸ் 2003இல் ஓர் ஆராய்ச்சிக் கப்பலிற் பணிபுரிந்தபோது, இலங்கைக் கடலில் நீலத் திமிங்கிலங்களின் சிவந்த கழிவைக் கண்டு, இவை இவ்வெப்பக்கடலிலேயே உண்கின்றன என உணர்ந்தார். அதுவே அவருடைய ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. திருகோணமலையில் அவை உணவு கொள்வதைப் பற்றி 1991ஆம் ஆண்டு அறிக்கையும் பேசியிருந்தது. இடையில் நிகழ்ந்தது யாது? போர். அதனால் நமது கடல் பின்னர் ஆராய்ச்சிக் கடலாக இருக்கவில்லை. மீனவனே இறங்க அஞ்சிய கடலாக 2009 வரை இருந்தது. ஆராய்ச்சியில் விழுந்த அந்த இடைவெளியும் போரின் கணக்கிற் சேரவேண்டியதே.

மேல்நாட்டு ஆராய்ச்சியாளர் வந்து, தரவை எடுத்துச் சென்று, உள்ளூரில் ஒருவரையும் பயிற்றாது விடும் வழக்கத்தைக் குடியேற்றவாத விஞ்ஞானம் என்று 2020இல் எழுதியவரும் அவரே. அக்கண்டனம் நமக்கும் பொருந்தும் என்பதை நாம் மறத்தலாகாது. கொழும்பில் ஆங்கிலத்தில் நிகழ்வது திருகோணமலையில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் வாராதிருப்பின், இங்குள்ள மாணவனுக்கு அதுவும் தூரதேசமே. சல்லியிலும் இறக்கண்டியிலும் குச்சவெளியிலும் கடலுக்குச் செல்லும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் திமிங்கிலங்களை எவர்க்கும் முன்னரே கண்டவர். எம்மாதத்தில் எத்திசையில் வருமென்று அவர்கள் அறிவர். இதனைப் பழம்பெருமையோடு சேர்த்தெண்ணலாகாது. பழம்பெருமை ஆராயாமலே உரிமை கொண்டாடுகின்றது. மீனவனின் அறிவோ நாள்தோறும் கடலிற் சோதிக்கப்படுகின்றது. அதற்கு இல்லாதது ஏடு ஒன்றே. எழுதி வைப்பாரும், ஆண்டுக்காண்டு ஒப்பிடுவாரும் இருப்பின் அது விஞ்ஞானமாகும்.

*

இவற்றையெல்லாம் தமிழிற் கூற இயலாது என்று எவரேனும் கூறின், அவருக்கு வரலாறு விடை கூறும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1860களில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; அதற்கென நூல்களையும் ஆக்குவித்தார். 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியிற் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர், 1930களில் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற அவர், பழந்தமிழர் இசையை வெறும் புகழுரையாக விடாது, நரம்பின் நீளத்தாலும் சுரங்களின் விகிதத்தாலும் அளந்து கணக்கிட்டார். 1947இல் வெளியான யாழ்நூல் அதன் பயன். பழமையை மதிப்பதும் அளந்து பார்ப்பதும் ஒரே மனிதரிடம் கூடியிருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் வழங்கும் கலைச்சொற்கள் அத்தகையோர் உழைப்பின் வழிவந்தவை. சொல் இருக்கின்றது. சொல்லை வைத்துச் சொல்லும் முறையே சீர்கெட்டுக் கிடக்கின்றது. ஆதலின் விஞ்ஞானத்தைத் தமிழில் எழுத முன்வரும் இளைஞரிடம் நாம் வேண்டுவது அதிகமில்லை. எவ்வாறு அறிந்தனர் என்பதை முடிவுக்கு முன்னே சொல்லுங்கள். எவ்வளவு உறுதி என்பதைக் குறைக்காதீர்கள், கூட்டாதீர்கள். எவருடைய காதால், எவருடைய செலவில் கேட்டனர் என்பதை மறையாதீர்கள். அவ்வறிவு எவருடைய கரைக்கு வரவேண்டுமோ அவர் பெயரை விடாதீர்கள். ஆசிரியத் தோழர்களோ, இலங்கைப் பாட்டையும் கூனியையும் அரை மணித்தியாலக் கணக்கையும் அடுத்த தவணையிலேயே வகுப்புக்குக் கொண்டு செல்லலாம். எந்தத் திணைக்களத்தின் சுற்றறிக்கையும் அதற்குத் தேவையில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கப்பல் இக்கடலில் ஒலிவாங்கியை இறக்கிற்று. கப்பலும் அதில் வந்தோரும் பிற நாட்டினர். அடுத்த முறை அதை இறக்கும் கை மூதூரிலோ நிலாவெளியிலோ இன்று தமிழிற் பெருக்கல் வாய்பாடு படிக்கும் ஒரு பிள்ளையின் கையாக இருக்க வேண்டுமாயின், அப்பிள்ளைக்கு வாசிக்கத் தகுந்த ஒரு பக்கத்தை இன்றே எழுதி வைப்பது நமது பொறுப்பு.